மயில்துத்தம்

ஒரு துளி போதும்.
மோதிர விரலைத் துடைத்து ஒரு சொடுக்கு.
நீலக் கரைசலில் விழுந்ததைப்
பதினைந்து எண்ணும்வரை பார்ப்பேன்.
முழுகினால் கட்டிலுக்கு.
மிதந்தால் வீட்டுக்கு.

"இது மயில்துத்தந்தானே?" என்றார்
ராஜகிரிக் கொடிக்கால்காரர் வைரக்கண்ணு.
"வெத்தலைக்கு வாடல் வந்தா
சுண்ணாம்போட கலந்து வேர்ல ஊத்துவோம்.
மனுசனுக்கும் இதானா?"
இதுதான் என்றேன்.
அவர் துளி கிணற்றில் கல் விழுந்த மாதிரி இறங்கியது.
முந்நூற்றைம்பது மில்லி. ஆறே நிமிடம்.
எழுந்து, பிஸ்கட் பாக்கெட்டைப் பேரனுக்கென்று மடியில் கட்டிக்கொண்டு
பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

பதினாறாம் எண் ஊசி.
யாருக்கும் காட்ட மாட்டேன்.
அந்தப் பக்கம் பாருங்க, எறும்பு கடிக்கிற மாதிரிதான் என்று
பன்னிரண்டு வருடமாகப் பொய் சொல்கிறேன்.
கல்லூரி முகாமில் ஒரு பையன் மட்டும்
"எந்த ஊரு எறும்புக்கா?" என்று கேட்டான்.

முகாமுக்கு வரும் தலைவர்கள்
மைக்கைப் பிடித்ததும் சொல்வார்கள்:
நரம்பு நமக்குள் ஓடும் காவிரி.
இருக்கட்டும்.
எனக்குத் தெரிந்த நரம்பு
தொட்டால் நழுவும், பயந்தால் ஒளியும்,
ஆண்டுக்கணக்கில் மண்வெட்டி பிடித்த கையில் மட்டும்
கயிறு மாதிரி மேலே வந்து நிற்கும்.
நடவு நேரத்தில் முகாம் போட்டால்
அந்தக் கைகள் எதுவும் வராது.
நானும் தலைவரும் நாற்காலிகளும்தான்.

பையைச் சுழற்றி எடுத்தால்
சிவப்பு அடியில் தங்கும், மேலே மஞ்சள்.
எல்லார் மஞ்சளும் ஒன்றில்லை.
ஒருவருடையது எலுமிச்சைச் சாறு,
ஒருவருடையது நல்லெண்ணெய்.
கல்யாணப் பந்தியிலிருந்து நேரே வந்தவருடையது
பால் கலந்த மாதிரிக் கலங்கியிருக்கும்,
தள்ளி வைத்துவிடுவோம்.
மைனஸ் முப்பதில் உறைந்தபின்
எல்லாம் பாகுக் கட்டி.
குளிர்வண்டி வந்து ஏதோ மருந்துத் தொழிற்சாலைக்கு
ஏற்றிக்கொண்டு போகும்.
தஞ்சாவூருக்கு அப்பால் போகாத வைரக்கண்ணு
எந்த ஊர்ப் பிள்ளையின் முழங்காலில்
நிற்காத ரத்தத்தை நிறுத்துகிறாரோ,
அந்த விவரம் கும்பகோணத்துக்குத் திரும்பி வருவதில்லை.

போன ஐப்பசி. மூன்றாம் நாள் மழை.
தையல்நாயகி வந்தார், சேலைக் கரையில் சேறு காயாமல்.
மகள் தியேட்டரில்.
மருமகன் டீ குடிக்கப் போனவன் போனவன்தான்.
"ரெண்டு பாட்டிலு கேக்குறாங்க. எங்கிட்ட எடுத்துக்க."

துளி மிதந்தது.
"சின்னதாப் போட்டுட்ட. பெருசாப் போடு."
மிதந்தது.
"இந்தக் கையில எடு. இதுதான் நாத்துப் பறிக்கிற கை."
எடுத்தேன்.
நீலத்தின் மேல் குங்குமப் பொட்டு மாதிரி
அசையாமல் நின்றது அதுவும்.

அவர் குனிந்து பாட்டிலையே பார்த்தார்.
"விடியக்காலையில
பயிரு முழுகுதேன்னு அழுதுட்டு வந்தேன்.
இது முழுக மாட்டேங்குதே."

இருப்பிலிருந்து இரண்டு பை எடுத்துக் கொடுத்தேன்.
ஈடாகத் தந்தவர் பெயர் என்ற கட்டத்தில்
ஒரு கோடு போட்டேன்.
பையில் எண் மட்டும்தான் இருக்கும்.
இரண்டில் ஒன்று யாருடையது என்று எனக்குத் தெரியும்.
சொல்லக் கூடாது. சொல்லவில்லை.
"யாரு பெத்த புள்ளையோ" என்று
பையை இரண்டு கையாலும் வாங்கி,
"என்ன இப்படிச் சில்லுனு இருக்கு" என்றார்.

அவர் போனபின்
கரைசலைக் கொட்டி மாற்ற வேண்டும்.
கொட்டுமுன் என் விரலைத் துடைத்தேன்.
இத்தனை வருடம் எடுத்தவள்,
ஒருமுறைகூடக் கொடுத்ததில்லை.
எடை போதாது, தூக்கம் போதாது, இன்றைக்கு வேண்டாம்.

விழுந்தது.
இறங்கியது.
பாதியில் நின்றது.

பதினைந்து எண்ணினேன்.
பதினெட்டு, பத்தொன்பது.
கதவுக்கு வெளியே யாரோ குடையை உதறினார்கள்.
விரலில் பஞ்சை அழுத்திக்கொண்டே
அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.