மூன்று புள்ளி

மேக்கன் நகரச் சந்தைக் கொட்டகையில்
சனிக்கிழமைதோறும் எனக்கு ஒரு மேசை,
ஒரு பூதக்கண்ணாடி.
போலியை மூக்கே சொல்லிவிடும்.
வினிகரில் ஊறி, சாணிக்குழியில் படுத்து
ஆறே மாதத்தில்
நூற்றறுபது வயதாகிவிட்ட கத்திகள்.

வெர்லின் ட்ரெட்வே கொண்டுவந்தது போலியல்ல.
முழங்கை நீளம்.
விரல்களுக்குக் காவலாக வளைந்துபோய்
பிடியின் அடியில் சேரும் இரும்புப் பட்டை.
பழைய அரத்தைக் காய்ச்சி அடித்தது;
அலகைச் சாய்த்தால்
அரத்தின் பல்வரிசை இன்னும் மங்கலாய்த் தெரிகிறது.

"சிக்கமாகாவில் எங்கள் முப்பாட்டன்
இதோடுதான் பாய்ந்தார்" என்றார்.
பாய்ந்திருக்கலாம்.
இந்தக் கனத்தைத் தூக்கி நடக்க மாட்டாமல்
வழியோரப் பள்ளத்தில் எறிந்தவர்கள் எத்தனையோ பேர்.
எறியாதவர்கள் பன்றிக்கொழுப்பு வெட்டினார்கள்,
சுள்ளி பிளந்தார்கள்.
தேய்மானமெல்லாம் அடிப்பக்கம். நுனி புத்தம் புதிது.
நான் வாய் திறக்கவில்லை.
கதையில்லாத கத்திக்குப் பாதி விலை.

ராத்திரி பிடி ஆடியது. கழற்றினேன்.
மரத்துக்குள் ஒளிந்திருந்த இரும்புக் காம்பில்
உளியால் குத்திய மூன்று புள்ளி.
நடுவில் உள்ளது மட்டும் ஒரு மயிரிழை மேலே.

இதை எங்கோ பார்த்திருக்கிறேன்.

இழுப்பறைகளைக் கவிழ்த்து
சமையல் மேசை முழுக்கப் பரப்பி
விடியும்வரை ஒவ்வொரு பிடியாகக் கழற்றினேன்.
இன்னும் மூன்று கிடைத்தன.
கேப்டன் ஹாட்லியின் கத்தி.
சார்ஜென்ட் புரூவரின் கத்தி.
யாரோ ஒரு தபேலா வாசித்த பையனின் கத்தி, 
இல்லை, போர்முரசு அடித்த பையன்; தூக்கக் கலக்கம்.
சீட்டு எல்லாம் என் கையெழுத்து.

திங்கட்கிழமை கோர்ட்டில்
ட்ரெட்வே பண்ணையின் பழைய சொத்துப் பட்டியலை
எடுத்துத் தந்தார்கள்.
கோவேறு கழுதை, ஒரு ஜோடி.
துருத்தி, ஒன்று, கிழிசல்.
இஷாம், கொல்லன், 1100 டாலர்.
உப்புத் தொட்டி.

அவன்தானா? சத்தியம் செய்ய மாட்டேன்.
அந்தப் பண்ணையில் வேறு கொல்லன் இல்லை,
அவ்வளவுதான் தெரியும்.

அட்லாண்டாவிலிருந்து ஒருவர் போனில்:
"யாருடைய கத்தி?"
வைத்திருந்தவரைக் கேட்கிறீர்களா,
அடித்தவரையா என்றேன்.
கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும்.
பிறகு, "எவ்வளவு?"

அந்தத் தொகை
என் நாக்கு நுனிவரை வந்து நின்றது.