மூன்றாவது குறுக்குச் சந்து

மாநகராட்சி கொடுத்த டேப்லெட்டில்
ஒன்பது சதவீதம் சார்ஜ்.
வியாசர்பாடியில் எனக்கு ஒதுக்கியவை பதினாறு தெருக்கள்.
பலகைக்குப் பெயர் சரிபார்க்கிற வேலை,
தெருவுக்கு முப்பத்தைந்து ரூபாய்.

பெரிய தெரு ஹாரன்வெல் துரையுடையது.
கால்வாய் வெட்டியவர் என்கிறது கோப்பு.
கூடை சுமந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்க
படிவத்தில் கட்டம் இல்லை.
மூன்று தலைமுறை வாயில் உருண்டு
துரை ஆரணிவேல் ஆகிவிட்டார்.
முனையில் யாரோ வேல் ஒன்றை நட்டு
மஞ்சள் துணி சுற்றியிருக்கிறார்கள்.
செவ்வாய்க்கிழமை எலுமிச்சம்பழமும் உண்டு.
கடல் தாண்டிப் புல் மூடிக் கிடக்கும் கல்லறைக்கு
இந்தத் தகவல் போயிருக்காது.

அடுத்தது ஒரு ராவ்பகதூருடையது.
பள்ளிக்கூடத்துக்கு நிலம் கொடுத்தவராம்.
அதுவரை அந்த நிலத்தில் குடியிருந்தவர்கள் எங்கே?
டீக்கடைக்காரர் கையிலிருந்த கரண்டியாலேயே
கால்வாய்க்கரையைக் காட்டினார்.

துரை தெருவிலிருந்து பிரிகிற சந்துக்குத்தான் பெயர் இல்லை.
'பெயரிடப்படாதது - 3' என்கிறது திரை.
"எவன் சொன்னது? தேசம்மா சந்து சார் இது"
மீன்பாடி வண்டியில் குந்தியிருந்தவன் சொன்னான்.
பிரியாணிக் கடை பில்லிலும் அதுதான்.

படிவம் கேட்டது:
ஆற்றிய சேவை என்ன? ஐம்பது எழுத்துக்குள்.

ஆளாளுக்குச் சொன்னார்கள், ஒரே நேரத்தில்.
லாரி வராத அந்தக் கோடையில்
மெயின் குழாயின் வால்வுப் பெட்டிக்குப் பூட்டு.
பத்தொன்பதாம் நாள் ராத்திரி பூட்டு போனது.
தண்ணீர் வந்தால் பின்னாலேயே அடிதடி வரும்,
எல்லாருக்கும் தெரியும்.
தேசம்மா ஒரு சாக்பீஸால்
தரையில் குறுக்கே கோடு இழுத்தாள்.
குடத்துக்குக் குடம் நம்பர் போட்டாள்.
வீட்டுக்கு இரண்டு. பிள்ளைத்தாய்ச்சிக்கு மூன்று.
கவுன்சிலர் மச்சான் வீட்டுக்கும் இரண்டுதான்.

கோடு அன்றைக்கே அழிந்தது.
ஆனாலும் வண்டிகள் இன்றும் அங்கேயே நிற்கின்றன,
கல்யாணப் பந்தல் அங்கே முடிகிறது,
சாவுமேளம் அந்த இடத்தில் ஒரு கணம் அடங்கி
அப்புறம்தான் மெயின் ரோட்டில் ஏறுகிறது.
சிமெண்ட் போட வந்த காண்ட்ராக்டர்கூட
ஏனென்று தெரியாமல் இந்தப் பக்கமே நிறுத்தியிருக்கிறார்.

ஐம்பது எழுத்துக்குள் எப்படியோ அடக்கினேன்.
அடுத்த கட்டம்: மறைந்த தேதி.
சிவப்பு நட்சத்திரம். கட்டாயம்.

"நான்தான் தேசம்மா" என்றாள்
இரண்டாம் வீட்டு வாசலில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தவள்.
"செத்தாதான் பேரு வெப்பீங்களா?
அந்தத் தொர எப்ப செத்தான்?"
தேடிப் பார்த்தேன்.
அவருக்கு அந்தக் கட்டம் காலி.

"எம் பேரு எதுக்கு?
பூட்ட அறுத்தவன் முனுரத்தினம்.
பதினோரு நாளு உள்ள இருந்தான். அவன் பேரப் போடு."
மாடியிலிருந்து முனுரத்தினத்தின் மகள்:
"அப்பா அறுத்தாரு, சரி.
ரம்பம் தஸ்தகீர் பாயோடது.
போலீஸு பஞ்சர் கடைய ஒரு மாசம் தொறக்க உடல."
தஸ்தகீரின் பேரன் டயரை உருட்டிக்கொண்டே கேட்டான்:
"இருட்டுல டார்ச் புடிச்சது யாரு? அதச் சொல்லுங்க."
யாருக்கும் நினைவில்லை.
யாரோ ஒரு பொம்பள.
வளையல் சத்தம் மட்டும் கேட்டதாம்.

பலகை நான்கடிக்கு இரண்டடி.
நான் விரலை எடுத்துப் போவதற்குள்
திரை அணைந்துவிட்டது.

மறுமாதம் நீலப் பலகை வந்தது:
ஆரணிவேல் 3வது குறுக்குச் சந்து.
துரையின் பெயரை அப்படி ஏற்றியது நான்தான்.
மேலே ஒருவரும் கேட்கவில்லை.
வந்த மூன்றாம் நாளே அதன்மேல்
வீடு வாடகைக்கு நோட்டீஸ்.

கீழே வரிசையாகக் குடங்கள்.
சாக்பீஸில் நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு.
நாற்பத்துமூன்றில் ஏதோ தகராறு.