வீட்டுப்பாடம்: முன்பின் தெரியாதவருக்கு ஓர் அறிவுரைக் கடிதம்

அன்புள்ள ரோத்ரி,
உங்களை எனக்குத் தெரியாது.
வேல்ஸில் ஏதோ ஓர் ஊரில், சமையலறை மேசையில்
மூன்று விளம்பரத் தாள்களைப் பரப்பிக்கொண்டு
எந்தச் சான்றிதழுக்குப் பணம் கட்டுவதென்று
மூன்று வாரமாக விழிக்கிறீர்களாம்.
உங்கள் தோழி அயோனா
அதையே எங்களுக்கு வீட்டுப்பாடமாகத் தந்துவிட்டாள்.
'வேண்டும்', 'கூடாது' ஐந்து இடத்திலாவது வர வேண்டும்.
ஒன்று வந்துவிட்டது.

நான் ஜும்பேர். திபிலீசியில் லிஃப்ட் மெக்கானிக்.
எங்கள் லிஃப்ட்டுகள் காசு போட்டால்தான் ஏறும்;
சிக்கிய சில்லறையைக் கம்பியால் கிளறி எடுப்பதும் என் வேலைதான்.
செவ்வாயும் வியாழனும் மாலை ஆறு மணிக்கு
ரொட்டிக்கடை மாடியில் இலவச ஆங்கிலம்.
இலவசம் ஏனென்றால்
கற்றுக்கொள்வது நாங்கள் அல்ல.
தையல் பழகுகிறவர்களுக்குக் கந்தல் துணி போல.

பதினோரு கூட்டம் பார்த்துவிட்டேன்.
நடந்து முடிந்தும் முடியாத அந்தக் காலத்தைப்
பதினோரு முறை கற்றேன்.
நிலவுக்கு முன்னால் போடும் குட்டிச் சொல்லைத்
திங்கள்கிழமைக்கு முன்னால் ஏன் போடக் கூடாது
என்று ஒருநாள் கேட்டேன்.
நெட்டையாக ஒரு பையன்,
லேமினேட் செய்த படங்களைக் கலைத்துக் கலைத்து அடுக்கினான்,
தண்ணீர் குடிக்க வெளியே போனான்.
அவனிடம் ஏற்கெனவே உங்கள் முதல் தாள் இருந்தது:
நூற்றிருபது மணி நேரம், வீட்டிலிருந்தே, பைஜாமாவோடு,
சரியான விடையைத் தட்டினால் பச்சை விளக்கு.
நான் பச்சையாக எரிகிறவன் இல்லை.

இரண்டாவது தாள், சனி ஞாயிறு, ஓட்டல் ஹால், காபி உட்பட.
அதைப் பற்றி எனக்குத் தெரியாது.
காபி நன்றாக இருக்கலாம்.

மூன்றாவதற்கு விலை அதிகம்.
அயோனா, அப்பாவின் படகை விற்ற பங்கில் கட்டினாளாம்.
ஆறு மணி நேரம் எங்கள் முன்னால் நிற்க வேண்டும்,
கடைசி வரிசையில் கெத்தெவான் அம்மையார் எழுதிக்கொண்டே இருப்பார்.
என்னைத்தான் பரிசோதிக்கிறார் என்று நம்பி
முதல் மாதம் முழுக்கச் சட்டையை இஸ்திரி போட்டு வந்தேன்.

மூன்றாம் வாரம் அயோனா பலகையில் இரண்டு வாக்கியம் எழுதினாள்:
போய் வந்திருக்கிறாள்.
போய்விட்டாள்.
'உங்கள் வீட்டில் யாராவது வெளிநாட்டில்?'
என் மகள் லியா என்றேன். இத்தாலி, பாரி நகரம்.
யாரோ ஒரு கிழவரைக் குளிப்பாட்டி ஊட்டிவிடுகிறாள்.
'அப்படியானால், இரண்டில் எது?'
ஒன்பது வருடம் என்றேன்.
எண்கள் எனக்கு நன்றாக வரும்.

பேனாவை மூடினாள்.
ஒட்ட வேண்டிய விமானப் படம் கையிலேயே இருந்தது.
பின்வரிசையில் எழுதும் சத்தம் நின்றது.
நான் எழுந்து போய் முதல் வாக்கியத்தைத் தொட்டேன்.
தவறான விடை.
அவள் திருத்தவில்லை.
அடுத்த வகுப்பில் திருத்தினாள்.
ஏழு நிமிடம் கூடுதலாகப் போனதற்கு மதிப்பெண் குறைந்ததாம்.

ஆகவே ரோத்ரி,
போகப்போகும் நாட்டுப் பள்ளியிடம்
எந்தத் தாளை மதிப்பார்கள் என்று முதலில் கேட்க வேண்டும்.
இது அயோனா எழுதச் சொன்னது.
நான் சொல்வது: பழகுவது யார் மேல் என்று கேளுங்கள்.
அதற்குப் பதில் இல்லாத தாளில் கையெழுத்திடக் கூடாது.

லிஃப்ட்டை நானும் புத்தகத்தில்தான் படித்தேன்.
முதல்முறை ஆறாம் மாடிக்கும் ஏழாம் மாடிக்கும் நடுவே
ஒரு பெண் சிக்கிக்கொண்டாள்.
அவள் கதவை அறைந்த சத்தம்
எந்தப் பக்கத்திலும் இல்லை.

பணம் இல்லையென்றால் முதல் தாளையே வாங்குங்கள், வெட்கமில்லை.
உங்கள் தெருவிலும் தட்டு கழுவிவிட்டு
ஊமையாக வீடு திரும்புகிறவர் ஒருவர் இருப்பார்.
அவருக்குத் தேநீர் வாங்கிக் கொடுங்கள்.

எண்ணிப் பார்த்தேன், ஐந்து வந்துவிட்டது.
பிழைகளை அயோனா சிவப்பில் வட்டமிடுவாள்.
இன்று வேண்டாம். நாளை அவளுக்குக் கடைசி வகுப்பு.
தூங்கட்டும்.

இப்படிக்கு,
ஜும்பேர்,
தொடக்கநிலை,
பன்னிரண்டாவது முறையாக.