சர்க்கரை விற்ற கணக்கு

மாதத்தின் முதல் செவ்வாய்
சுகாதார நிலையத்தில் கூடை தருகிறார்கள்.
அரிசி, நூடுல்ஸ், எண்ணெய், டின் மீன்,
இரண்டு கிலோ சர்க்கரை.
காசநோய்க்காரர்கள் தெம்பாக இருக்க வேண்டுமாம்.
சதுர்நினா மமானி என்று கையெழுத்துப் போடுகிறேன்.
இரண்டாவது நோயைக் கேட்கும் கட்டம்
அந்தத் தாளில் இல்லை.

லிமாவின் பனித்தூறலில்
வீடுவரை இருநூற்றுப் பதினெட்டுப் படிகள்.
முன்பெல்லாம் ஒரே மூச்சு.
இப்போது நான்கு இடத்தில் நிற்கிறேன்,
கூடையை இறக்கி வைத்து
யாருக்கோ காத்திருப்பவள் போல.

நான்காவது இடம் எவுலோஹியாவின் கடை.
அவளுடைய குளிர்ப்பெட்டியில்
மஞ்சள் சோடாக்களுக்குப் பின்னால்,
கோழிக்கால்களை ஒட்டி
என் இன்சுலின் படுத்திருக்கிறது.
வாரத்துக்கு மூன்று சோல் வாடகை.
எங்கள் குடும்பத்தில்
நல்ல அறையில் இருப்பது அது ஒன்றுதான்.

சர்க்கரையைத் தராசில் வைக்கிறேன்.
யோசித்து, அரிசியையும்.
பாதி விலைக்கு எடுத்துக்கொள்வாள்.
வாடகை போக மிஞ்சுவதில்
ரத்தம் பார்க்கும் ஸ்ட்ரிப் ஏழெட்டு வாங்கலாம்.
சர்க்கரையை விற்று
சர்க்கரைக்குச் செலவழிக்கிறேன்.
எவுலோஹியா சிரித்தாள். நானும் சிரித்தேன்,
இருமல் வரும்வரை.

மாத்திரை இலவசம்.
சுவரில் ஆளுயர எழுத்தில் போட்டிருக்கிறார்கள்.
அதை நர்ஸ் முன்னால் விழுங்கிவிட்டு வர
மோட்டோ-டாக்ஸிக்குப் போக வர மூன்று சோல்.
வெறும் வயிற்றில் விழுங்கினால் குமட்டுகிறது,
ரொட்டிக்கு ஐம்பது காசு.
ரொட்டி தின்றால் ஏறுகிறது,
அதற்கு ஊசி.
பழைய சர்க்கரை மாத்திரையே போதாதா என்றேன்.
இந்த மாத்திரை வந்தபின்
அது செல்லாக்காசு என்றார் டாக்டர்.
ஒரே வீட்டில் இரண்டு குடித்தனக்காரர்கள்.
ஒருவரை ஒருவர் ஏவிவிட்டு
என்னிடம் வாடகை வாங்குகிறார்கள்.

ஜீன்ஸுக்கு ஜிப் வைப்பது என் வேலை.
ஜன்னல் இல்லாத மூன்றாம் மாடி,
பதினாறு மெஷின், பஞ்சு பறக்கும்.
ஜிப் ஒன்றுக்குப் பத்துக் காசு.
"குணமானதும் வா" என்றார் ஆர்தெமியோ,
கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு.
சனிக்கிழமைவரை சம்பளம் தந்தார்,
குறை சொல்ல முடியாது.
திங்கட்கிழமை என் நாற்காலியில்
என் மகன் ரோமெல் உட்கார்ந்தான்.
பதினைந்து வயது. என்னைவிட வேகமாம்.
இரவில் அவன் தூங்கியபின்
திரைக்கு இந்தப் பக்கம் படுத்து
அவன் மூச்சை எண்ணுகிறேன்.
அதற்கு மட்டும்
யாரும் காசு கேட்கவில்லை.

ஆறு மாதம் என்றார்கள், ஒன்பதானது.
சர்க்கரை இறங்காததால்
நெஞ்சும் ஆறவில்லையாம்.
மூன்று மாதம் கூடுதலாக மோட்டோ-டாக்ஸி,
மூன்று மாதம் கூடுதலாகக் கூடையும்தான்,
அதையும் சொல்ல வேண்டும்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை
அட்டையில் முத்திரை குத்தினார் நர்ஸ் யொவானா.
குணம்.
வரிசையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள்.
ஒரு கிழவர் எழுந்து நின்று தட்டினார்.
நான் அழுததைப் பார்த்து
சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டார்கள்.
பாதி அதுதான்.

அடுத்த முதல் செவ்வாய்
பழக்கத்தில் கால் அங்கே போனது.
பட்டியலில் என் பெயர் இல்லை.
"இனி உங்களுக்குத் தேவைப்படாது, சீமாட்டி"
என்றான் புதிய பையன், அன்பாகத்தான்.

திரும்பும் வழியில்
யாரும் இல்லாத திருப்பத்தில்
ஒருமுறை இருமிப் பார்த்தேன்.
வேண்டுமென்றே.
இதை ரோமெலிடம் சொல்லவில்லை.
வரவில்லை.
நெஞ்சு துடைத்து வைத்த பாத்திரம்போல இருந்தது.

இப்போது படிகளில் நான் நிற்பதில்லை.
எவுலோஹியாவின் கடை முன்னால் மட்டும்
கொஞ்ச நேரம் நிற்கிறேன்,
மூச்சு வாங்க அல்ல.