முப்பத்தொரு தட்டு

வரைபடத்தில் எங்கள் தீவின் மேல்
குண்டூசி குத்தியிருக்கிறார்கள்.
குண்டூசியின் தலை தீவைவிடப் பெரிது.
கூட்டத்துக்கு வந்த அதிகாரி அதைத் தொட்டுக் காட்டி
"நாட்டின் வாசற்படி" என்றார்.
வாசற்படி மிதிபடத்தானே என்று
பின்வரிசையில் யாரோ முனகினார்கள்.
படகுக்கார இரினாக்காவாக இருக்கும்.

நான் பள்ளிக்கூடத்தில் சமைக்கிறவள்.
எனக்குத் தெரிந்தது தட்டுக் கணக்கு.
ரேடார் வருமுன் பதின்மூன்று.
அடுத்த வருடம் ஒன்பது, அப்புறம் பூட்டு என்று
கடிதமே வந்துவிட்டது.
இப்போது முப்பத்தொன்று.
கயிறு இழுக்கும் போட்டிக்கு
இரண்டு பக்கமும் ஆள் இருக்கிறது.
வாக்கெடுப்பில் வேண்டாம் என்று எழுதியவள் நான்.
அந்த வேண்டாமை மடித்துப் பெட்டிக்குள் போட்ட கையால்தான்
சிப்பாய் மகன் நட்சுவோவுக்கு
இன்னொரு கரண்டி கடற்பாசிச் சூப் ஊற்றுகிறேன்.
இஞ்சி பிடிக்காது அவனுக்கு. ஒதுக்கி வைப்பான்.

போன வாரம் படிவம் வந்தது.
நிலவறையில் எத்தனை பேர், எத்தனை நாள்,
எத்தனை கிலோ அரிசி.
ஆயிரத்து அறுநூறை இரண்டு வேளையால் பெருக்கி
பதினான்கால் பெருக்கும்போது
பென்சில் முனை ஒடிந்தது.
கப்பல் வந்து ஏற்றிக்கொள்ளுமாம்.
எந்தக் காற்றில் என்று சொல்லவில்லை.
வாடை அடிக்கும் மாதங்களில்
தபாலே எட்டு நாள் கழித்துத்தான் வரும்.
குதிரைகளுக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

நேற்று விடியற்காலை
மேற்கு முனைக்குப் போகும் சாலையின் நட்டநடுவில்
அந்தச் செம்பழுப்புப் பெட்டைக்குதிரை
குட்டி போட்டது.
பச்சை உறை போர்த்திய நீள லாரிகள் ஏழு
ஒன்றன்பின் ஒன்றாக நின்றன.
(உள்ளே என்ன என்று கேட்கக் கூடாது.
கேட்காமலே எல்லோருக்கும் தெரியும்.)
ஹாரனுக்குப் போன பையனின் கையை
பக்கத்தில் இருந்தவர் பிடித்துக்கொண்டார்.
ஸ்கூட்டரில் முள்ளங்கிக் கட்டோடு நானும் நின்றேன்.
குட்டி எழுந்தது.
நான்கு கால்களும் நான்கு திசைக்குப் போயின.
சரிந்தது. மறுபடி எழுந்தது.
கடலுக்கு அப்பால்
வருடத்தில் ஐந்தாறு நாள் மட்டும் தெரிகிற அடுத்த நாட்டு மலை
துவைத்துப் போட்டதுபோல் நீலமாய் நின்றது.
யாரும் அதைப் பார்க்கவில்லை.

ஒரு மணி பத்து நிமிடம்.
வயர்லெஸில் லெப்டினன்ட் "தாமதம்" என்றார்.
"காரணம்..." என்று இழுத்தார்.
பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டு
என் பக்கம் திரும்பி
"ஆணா, பெண்ணா?" என்றார்.

பள்ளிக்கூடத்தில் சாப்பாடும் அரை மணி தாமதம்.
நட்சுவோ இஞ்சியை ஒதுக்கினான்.
முப்பத்தொரு தட்டையும் கழுவிக் கவிழ்த்தேன்.
படிவம் மேசையில்தான் இருக்கிறது,
மேலே உப்பு ஜாடி வைத்திருக்கிறேன்,
காற்றுக்கு.