இருபத்தொன்பது மணி

வால்டிவியாவில் மழை நிற்பதில்லை,
இடைவேளை விடும்.
ஐஸ் ஆலையின் காவல் அறையில்
பதினொன்றிலிருந்து ஏழு வரை
நான், ஒரு ஹீட்டர், விரிசல் விழுந்த போன்.
நாற்பது நிமிடத்துக்கொரு தடவை
அச்சிலிருந்து பனிக்கட்டிகள் கழன்று விழும்.
மீன் சந்தைப் படித்துறையில்
கடல்சிங்கங்கள் தூக்கத்திலும் சண்டை போடும்.

நாற்பது சீட்டு. அவ்வளவுதான் அனுமதி.
அதில் மூன்றுக்காகத்தான் மற்ற முப்பத்தேழும்.

மணிக்காரி: நான் எதை இறக்கினாலும்
ஒரு மணி அடிப்பாள்,
எதிரிக்கு ஓர் உயிர் குறையும்.
கடன்காரன்: சின்னச் சீட்டுக்கெல்லாம்
விலை இல்லை என்பான்.
புறா: இறங்கிய கணமே
கைக்குத் திரும்பிவிடும்,
வேறொன்றும் தெரியாது அதற்கு.

மூன்றும் கூடினால்
புறா இறங்கும், மணி அடிக்கும், புறா வரும்,
இறங்கும், அடிக்கும், வரும்.
முடிவே கிடையாது.
கணக்கில்.

அதிகாலை நாலரைக்கு
பெட்டிகளோடு ஐஸ் வாங்க வரும் நயாதெத்
என் கட்டைப் புரட்டிப் பார்த்தாள்.
"ஆறு கேடயமா, எலெயூதெரியோ?
கதவை உடைக்கப் போகிறவனுக்கு
எதற்கு இத்தனை தாழ்ப்பாள்?"
கையுறையைக் கழற்றாமலே
திரையைத் தள்ளித் தள்ளி
செதில் ஒட்டவைத்துவிட்டுப் போனாள்.

ஐந்தை எடுத்தேன்.
அந்த இடத்தில் தேடித் தருபவை, உருவித் தருபவை,
கையிலிருப்பதை எறிந்து புதிதாய்க் கேட்பவை.
ஆறாவதை விட்டுவைத்தேன்.
நீல விளிம்பு, நடுவில் ஒரு மீன்.
காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது.

அதற்குப் பிறகு
எதிரில் இருப்பவன் என்ன செய்கிறான் என்று
பார்ப்பதை நிறுத்தினேன்.
ஓநாய் வளர்க்கிறானா, வளர்க்கட்டும்.
கோட்டை கட்டுகிறானா, நல்லது, குடிபுகட்டும்.
பதில் சொல்வது என் வேலை இல்லை.
கேள்வி என்னுடையது,
ஆறாம் சுற்றில் கேட்பேன்.

யாரும் கேட்க இருக்கவில்லை.
மூன்றாவது சீட்டு மேசையில் விழுந்ததும்
'எதிரி சரணடைந்தார்' என்றது திரை.
நூற்றுப் பன்னிரண்டு வெற்றி.
பத்து மணிக்கு மேல் ஒரு தடவைகூட
நான் கேட்டதில்லை.
சமைத்து முடித்ததும்
விருந்தாளி எழுந்து போவதுபோல.

செவ்வாய்க்கிழமை வந்தவன் பெயர் ஸ்னோரி77.
மணிக்காரி வந்தாள், கடன்காரன் வந்தான், புறா.
அவன் போகவில்லை.
ஒன்று. இரண்டு. மூன்று.
பதினொன்று, நான் கேட்டறியாத எண்.
அவனுடைய ஓநாய்கள் மூன்றும்
காதைத் திருப்பிக் கேட்பதாகத் தோன்றியது.
இருபதில் என் கட்டைவிரல் வியர்த்தது.
இருபத்து நாலில்
மேசை ஓரத்தில் திரி புகைய ஆரம்பித்தது.

எழுபத்தைந்து நொடி ஒரு சுற்று.
என் பழைய போனில்
புறா பறந்து திரும்ப இரண்டரை நொடி.
இதை நான் பெருக்கிப் பார்த்ததே இல்லை.
நூற்றுப் பன்னிரண்டு பேரும் எனக்காக
பெருக்காமலே நம்பியிருக்கிறார்கள்.

இருபத்தெட்டு.
இருபத்தொன்பது.
புறா விரலுக்கும் மேசைக்கும் நடுவில்
அந்தரத்தில் நின்றது.
திரி அணைந்தது.

அவனுக்கு ஓர் உயிர்.
எனக்கு இருபத்திரண்டு, கையில் ஒரு புறா.
அவன் அவசரப்படவில்லை.
விளையாட்டு அனுமதிக்கும் ஆறே வாக்கியங்களில்
'அற்புதம்' என்பதை அனுப்பினான்.
கொஞ்சம் பொறுத்து, மறுபடியும் அதையே.
பிறகு ஓநாய்களை அவிழ்த்துவிட்டான்.

தோற்றது உறைக்க
ஒரு பனிக்கட்டி விழும் நேரம் ஆனது.
சிரித்திருக்கிறேன் போல,
ஹீட்டர் பக்கம் படுத்திருந்த பூனை
தலையைத் தூக்கிப் பார்த்தது.

நீல விளிம்பு மீனை எடுத்தேன்.
அந்த இடத்தில் இன்னொரு மணிக்காரி.
ஒரு புறாவுக்கு இரண்டு மணி.
பதினைந்து தடவை பறந்தால் போதும்,
முப்பத்தேழரை நொடி,
திரிக்கு வேலையே இல்லை.

நயாதெத் வந்தபோது சொன்னேன்.
"போனை மாற்று" என்றாள்,
நாலு பெட்டி நிறைத்துக்கொண்டு போனாள்.

அன்றிலிருந்து பதினேழு ஆட்டம்.
பதினேழு பேரும்
புறாவைக் கண்டதும் கிளம்பிவிட்டார்கள்.
இரண்டு மணிக்காரிகளும் மேசையில்
கயிற்றைப் பிடித்தபடி நிற்க,
நான் 'அடுத்த ஆட்டம்' அழுத்துகிறேன்.