கடைசி நிறுத்தம்

காலை நாலே முக்காலுக்கு
ஈசூனில் வேனை எடுக்கிறேன்.
மின்தூக்கியில் யாரும் கேட்டதில்லை
என் சட்டையில் ஏன் இந்த வாசம் என்று.
கொஞ்சம் நகர்ந்து நிற்பார்கள், அவ்வளவுதான்.

சுவா சூ காங் கல்லறைகளைத் தாண்டியதும்
விளக்குக் கம்பங்களுக்கு நடுவே இருட்டு நீளும்.
வானொலி கரகரக்கும்.
கைப்பேசி ஒருமுறை அதிரும்:
'மலேசியாவுக்கு நல்வரவு.'
நான் எங்கேயும் போகவில்லை,
எல்லைதான் வழி தவறி வந்திருக்கிறது
என்று அதற்குச் சொல்லிவிட்டு ஓட்டுவேன்.

லிம் சூ காங்கில் ஊர் என்று ஒன்றும் இல்லை.
சந்துகள் உண்டு, சந்துகளுக்கு எண்கள் உண்டு.
முட்டைப் பண்ணை, தவளைப் பண்ணை,
மீன்தொட்டிகள், எங்கள் ஆடுகள்.
கடை கிடையாது.
கோப்பி வேண்டுமென்றால்
முட்டைப் பண்ணைக் காவலர் சீவ் பெங்
தன் பிளாஸ்க்கைத் திறக்க வேண்டும்.
முந்தின நாள் நாலு நம்பர் விழாவிட்டால் திறக்கமாட்டார்.

செய்தி முட்டை லாரியில் வரும்.
யார் ஜெனரேட்டர் படுத்துவிட்டது,
யாருக்குப் பேரன்.
கோழிக்காரர்கள் தவளைக்காரர்களோடு பேசுவதில்லை;
காரணம் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள்.
சுடுகளத்தில் பீரங்கி முழங்கும் நாளில்
ஆட்டுக்குப் பால் குறையும்,
கோழிக்கு முட்டை குறையும்.
அன்று மட்டும் எல்லோரும்
வேலிக்கு வந்து ஒரே மாதிரி திட்டுவார்கள்.

ஆட்டின் காதில் மஞ்சள் வில்லை, வில்லையில் எண்.
எண் சொல்லிக் கூப்பிடு என்பார் முதலாளி.
கறவை இயந்திரம் மாட்டுகிற ரொகிபுல்
எல்லாவற்றுக்கும் பெயர் வைத்திருக்கிறான்,
அவன் இறங்கிப் பார்க்காத ரயில் நிலையங்களின் பெயர்:
பூன் லே, பொத்தோங் பாசிர், தோபி காட்.

போன செவ்வாய் தோபி காட்டைக் காணோம்.
தாழ்ப்பாளை நாக்கால் திறக்கத் தெரிந்தவள்.
புல்லுக்கட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு
நானும் ரொகிபுலும் சாலை முழுக்கத் தேடினோம்.
நாய் இரண்டு எங்களோடு வந்தன,
தேடவில்லை.

பேருந்து கடைசி நிறுத்தத்தில் நின்றது.
இயந்திரம் அணைந்திருந்தது, கதவு திறந்திருந்தது.
ஓட்டுநர் சுல்கிஃப்லி கையைக் கட்டிக்கொண்டு
வெளியே நின்றார்.
'ஏழு நிமிஷமா நிக்கிறா. அட்டையும் தட்டல.
இறங்கவும் மாட்டேங்கிறா.'

உள்ளே,
முகாம் வாசலைத் தூங்கித் தொலைத்த
சிப்பாய்ப் பையன் ஒருவன்
வாய் பிளந்து சாய்ந்திருந்தான்.
அவன் பையின் வாரைப்
பொறுமையாக மென்றுகொண்டிருந்தாள் அவள்.

ரொகிபுல் படியில் ஏறி
முழுக் குரலில் கத்தினான்:
'தோபி காட்! தோபி காட்! இறங்கு!'

பையன் துள்ளி எழுந்தான்.
பையை அள்ளிக்கொண்டு
ஆட்டுக்கு முந்தி இறங்கினான்.
வெளியே வந்து
கடலைப் பார்த்தான், சேற்றைப் பார்த்தான்,
அக்கரை விளக்குகளைப் பார்த்தான்.
பிறகு எங்களைப் பார்த்தான்.
யாரும் எதுவும் சொல்லவில்லை.
சுல்கிஃப்லிதான் முதலில் சிரித்தார்.

திரும்பும்போது ரொகிபுல் கேட்டான்,
'அக்கா, நிஜத் தோபி காட்டுல என்ன இருக்கு?'
'மூணு ரயில் பாதை. மாறிக்கலாம்.'
'மாறி?'
'வேற எங்கேயாவது போகலாம்.'

கயிற்றைக் கையில் இன்னொரு சுற்று சுற்றிக்கொண்டான்.
'இவளும் அப்படித்தான்' என்றான்.
நேரமாகிவிட்டது.
மடி கனத்து, மந்தை மொத்தமும்
எங்களைப் பெயர் சொல்லி
அழைப்பது போலக் கத்திக்கொண்டிருந்தது.